அம்மம்மாவின் போனில் பேரப்பிள்ளைக்கு என்ன வயது?

யாழ்ப்பாணத் தீவகத்தின் கரம்பொன்னில் ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைக்கென்று தனியாகப் போன் இருப்பது அபூர்வம். அம்மம்மாவின் போன்தான் அதன் போன். ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருக்கும் மாமா திருவிழாவுக்கு வந்தபோது கொண்டுவந்தது. கூகுள் கணக்கைத் திறந்து கொடுத்தவரும் அவரே. இரவு வாட்ஸ்அப்பில் எல்லோரும் கதைத்து முடிந்ததும் போன் பிள்ளையின் கைக்கு மாறும். மூன்றாம் தரம் படிக்கும் அந்தப் பிள்ளை யூடியூப்பின் கணக்கில் அறுபது தாண்டிய ஒரு பெரியவர். பெரியவர்களுக்கு என்ன காட்டுமோ அதைத்தான் அது காட்டும்.

பாக்கு நீரிணைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் நிலைமையும் ஏறக்குறைய இதுதான். அங்கே அப்பாவின் செல்போன், இங்கே அம்மம்மாவின் போன். ஆனால் அந்தப் பிள்ளையைக் காப்பதற்கு இரண்டு நாடுகளும் கட்டியிருக்கும் வேலி ஒன்றுபோல இல்லை. எங்கே உயரம், எங்கே ஓட்டை என்று பார்த்தால் நமக்கு உதவும்.

பாடசாலையிலிருந்து தொடங்குவோம். வகுப்புக்குப் பிள்ளைகள் போன் கொண்டுவரக்கூடாது என்பது இரு பக்கமும் உள்ள விதி. 2020 மார்ச்சில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டபோது அந்த விதி தலைகீழானது. நேற்றுவரை போனைத் தொடாதே என்ற ஆசிரியரே, பாடத்தை வாட்ஸ்அப்பிலோ வைபரிலோ அனுப்பினார். பாடசாலைகள் திறந்த பின்பும் வகுப்புக் குழுக்கள் கலையவில்லை. வீட்டுவேலை இன்றும் அதில்தான் வருகிறது.

தமிழ்நாட்டுக்கு இந்த மாற்றத்தின் ஆபத்து 2021 மே மாதத்தில் தெரிந்தது. சென்னைத் தனியார் பள்ளி ஒன்றின் ஆசிரியர்மீது, இணையவழி வகுப்பில் நடந்துகொண்ட விதம் உட்படப் பல பாலியல் புகார்கள் எழுந்தன. முன்னாள் மாணவிகள் சமூக ஊடகத்தில் வாய்திறந்த பிறகே விஷயம் வெளியே வந்தது. அரசு உடனே விதிகள் வகுத்தது: இணையவழி வகுப்புகள் பதிவு செய்யப்படவேண்டும், ஆசிரியரும் மாணவரும் பள்ளிக்குரிய உடையில் இருக்கவேண்டும், ஒவ்வொரு பள்ளியிலும் மாணவர் பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைக்கவேண்டும். பாடநூல்களில் 1098, 14417 என்ற உதவி எண்களைப் பொறிக்கும் வழக்கமும் வந்தது. 1098 என்பது 1996இல் மும்பையில் தன்னார்வ முயற்சியாகத் தொடங்கிய சிறுவர் உதவி எண். 14417 தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித்துறையினுடையது.

இலங்கையில் 1929 இருக்கிறது. 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் எண் அது. ஆனால் இங்கே விவாதத்தைக் கிளப்பிய சம்பவம் வேறு மாதிரியானது. 2025 டிசம்பர் இறுதியில், புதிய கல்விச் சீர்திருத்தத்துக்காக அச்சிடப்பட்ட ஆறாம் தர ஆங்கிலப் பாடத்தொகுதியில், பிள்ளைகளுக்குப் பொருந்தாத இணையத்தளம் ஒன்றின் முகவரி இருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. கல்வி அமைச்சு விநியோகத்தை நிறுத்தியது, விசாரணை தொடங்கியது, ஆறாம் தரச் சீர்திருத்தமே பிற்போடப்பட்டது. எழுதியவர், சரிபார்த்தவர், அச்சுக்கு விட்டவர் என்று பல கண்களைத் தாண்டி அந்த முகவரி புத்தகம்வரை வந்திருக்கிறது. அரசின் புத்தகத்துக்கே இந்தக் கதி என்றால், வகுப்புக் குழுவில் அவசரமாகப் பகிரப்படும் காணொளி இணைப்பை யார் திறந்து பார்க்கிறார்கள்?

சட்டத்தில் இந்தியாவின் வேலி உயரம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67பி பிரிவும் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012இன் போக்சோ சட்டமும் ஏற்கெனவே இருந்தன. பிள்ளைகளின் ஆபாசக் காட்சிகளைத் தரவிறக்கிப் பார்ப்பது மட்டும் குற்றமாகாது என்று 2024 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 23இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்துச் செய்தது. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழே எல்லோரையும் பிள்ளையாகவே கணிக்கிறது. பெற்றோரின் சம்மதத்தைச் சரிபார்க்கச் சொல்கிறது. பிள்ளையைக் குறிவைத்த விளம்பரத்தைத் தடுக்கிறது.

இலங்கையின் தண்டனைச் சட்டக்கோவையிலும் பிள்ளைகளின் ஆபாசப் படங்களுக்கு எதிரான 286ஏ பிரிவு 1995 முதலே உண்டு. 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் வந்தபோது, பொய்க்கூற்று, பேச்சுச் சுதந்திரம் என்பவற்றைச் சுற்றியே பெரும்பாலும் வாதம் நடந்தது. சிறுவர் பற்றிய பகுதி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. 2022இல் நிறைவேறிய தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்தன, அதுவும் தள்ளிப்போனது.

ஆனால் எந்தச் சட்டமும் அம்மம்மாவின் போனுக்குள் இருக்கும் பிள்ளையைக் காணாது. டெல்லி 18 என்று வைத்தாலும், அவுஸ்திரேலியா 2025 டிசம்பரில் செய்ததுபோல 16 என்று வைத்தாலும், கணக்கு பெரியவரின் பெயரில் இருந்தால் வயது பெரியவரின் வயதுதான். அந்தப் போனைக் கொடுக்கிற கைக்குத்தான் முதலில் பயிற்சி வேண்டும்.

இதைக் கேரளம் புரிந்துகொண்டது. 2022 மே மாதத்தில் அங்கே ‘அம்ம அறியான்’ என்ற திட்டத்தில், மூன்று லட்சம் அம்மாக்களுக்கு இணையப் பாதுகாப்பு சொல்லிக்கொடுக்கத் திட்டமிட்டார்கள். சொல்லிக்கொடுத்தவர்கள் ‘லிட்டில் கைட்ஸ்’ என்ற உயர்நிலைப்பள்ளி மாணவர் கழகத்துப் பிள்ளைகள். கடவுச்சொல், ஓடிபி, பொய்ச்செய்தி, வலைவிரிப்பவர்களின் தந்திரம் எல்லாம் பதினாலு வயதுப் பிள்ளை சொல்ல, அம்மா கேட்டிருந்தார். தீவகக் கல்வி வலயத்துக்கு இது எட்டாத காரியமில்லை. ஒன்பதாம், பத்தாம் தரப் பிள்ளைகள் இருக்கிறார்கள், மண்டபம் இருக்கிறது, செலவும் பெரிதாக இல்லை.

நமக்கென்றே உள்ள இன்னொரு ஓட்டையையும் சொல்லவேண்டும். புலம்பெயர்ந்தோர் உதவியில் புத்தகப்பை கொடுத்தால், துவிச்சக்கரவண்டி கொடுத்தால், ஐந்தாம் தரப் புலமைப்பரிசிலில் பிள்ளை சித்தியடைந்தால், படம் முகநூலுக்கு ஏறுகிறது. முகம், முழுப்பெயர், பாடசாலை, ஊர், சில வேளைகளில் “தந்தையை இழந்த” என்ற குறிப்பு. உதவியவருக்குக் கணக்குக் காட்டவேண்டும் என்பது நியாயம்தான். ஆனால் ஒரு பிள்ளையின் வீட்டில் ஆண்துணை இல்லை, காசுத் தட்டுப்பாடு உண்டு, இன்ன பாடசாலைக்குப் போகிறது என்று ஊருலகத்துக்கு அறிவிப்பது, வலைவிரிப்பவனுக்கு விலாசம் எழுதிக் கொடுப்பதுதான். பற்றுச்சீட்டும் அதிபரின் கடிதமும் அந்தக் கணக்குக்குப் போதும். படம் வேண்டுமென்றால் பிள்ளையின் முதுகுப்பக்கம், புதுப் பையோடு எடுக்கலாம்.

வீட்டில் செய்யவேண்டியவை சில. பிள்ளைக்குத் தனிக் கணக்கு, ஊரிலிருக்கும் அம்மாவின் மேற்பார்வையில். அதற்கு வழியில்லாவிட்டால் யூடியூப்பின் கட்டுப்பாட்டுப் பயன்முறையையாவது போட்டுவைக்கலாம். போன் விறாந்தையில் இருக்கட்டும், அறைக்குள் போகவேண்டாம். தெரியாத ஆள் விளையாட்டுக்குள் வந்து படம் கேட்டால் அனுப்பாமல் வந்து சொல்லவேண்டும் என்பது பிள்ளைக்கு மனப்பாடமாக இருக்கவேண்டும்.

எல்லாம் தங்கியிருப்பது அந்தச் சொல்லும் வேளையில்தான். பிள்ளை வந்து, “அம்மம்மா, ஒராள் என்ர படம் கேக்கிறார்” என்கிறது. “அப்பவே சொன்னனான், உந்தப் போனைத் தூக்காதை எண்டு” என்ற பதில் வந்தால் அடுத்தமுறை பிள்ளை சொல்லாது. சொன்னால் போன் பறிபோகும் என்று கண்டுகொண்டுவிடும். படம் கேட்டவன் நம்பியிருப்பதும் அந்தப் பயத்தைத்தான். “சொன்னது நல்லது பிள்ளை, போனை வாங்கமாட்டன், கொண்டா ரெண்டு பேருமாப் பாப்பம்” என்றால் வந்த செய்தி அழியாமல் இருக்கும், அதைப் படம்பிடித்து வைக்கலாம், 1929க்குச் சொல்லலாம்.

தமிழ்நாட்டின் பொறித்த எண்ணையும் கேரளத்தின் பயிற்சியையும் நாம் கடன் வாங்கலாம். பழைய மாணவர் சங்கங்கள் அடுத்த ஸ்மார்ட் போர்டுக்குக் காசு சேர்க்கும்போது, அம்மம்மாக்களுக்கான ஒரு பின்னேர வகுப்பையும் அந்தப் பட்டியலில் சேர்க்கட்டும். போன் கொண்டுவந்த மாமாவும் அன்றைக்குக் காணொளி அழைப்பில் வந்து இருக்கட்டும். கடவுச்சொல் அவரிடம்தானே இருக்கிறது.