இரண்டு வரிசை முள்ளங்கி

ஆலிவர் சாக்ஸின் ‘அங்கிள் டங்ஸ்டன்’ (2001) பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் தனிம அட்டவணையிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 1945இல் லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் மறுபடி திறந்தபோது, தனிமங்களை அடுக்கி வைத்திருந்த பெரிய அலமாரியைப் பார்த்த பையனுக்கு அன்றிரவு தூக்கமே இல்லை. அழகான இடம்தான். ஆனால் எனக்கு இந்தப் புத்தகம் அதற்கும் முன்னாடி, ஒரு முள்ளங்கிப் பாத்தியில் தொடங்குகிறது.

1939. குண்டுவீச்சுக்குப் பயந்து லண்டன் குழந்தைகளை வெளியூர்களுக்கு அனுப்புகிறார்கள். ஆறு வயது ஆலிவரும் அண்ணன் மைக்கேலும் ப்ரேஃபீல்ட் என்ற விடுதிப் பள்ளிக்குப் போகிறார்கள். தலைமையாசிரியருக்கு அடிப்பதில் தனி ருசி. வீட்டிலிருந்து வரும் தின்பண்டம் பிள்ளைகள் கைக்குச் சேர்வதில்லை. அப்பா, அம்மா இருவரும் டாக்டர்கள். எப்போதாவதுதான் வந்து பார்க்கிறார்கள். அங்கே அவன் இரண்டு வரிசை முள்ளங்கி விதைத்து, ஒன்றை ஆசீர்வதிக்கவும் மற்றதைச் சபிக்கவும் கடவுளைக் கேட்கிறான். ரெண்டும் ஒரே மாதிரி வளருது. சரி, கடவுள் இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறான்.

படிக்கும்போது சிரிப்பு வரும். ஆனா அவன் சோதித்தது மண்ணையோ விதையையோ இல்லை. தன் குரல் யாருக்காவது கேட்கிறதா என்பதை. அங்கேயே பகா எண்கள் மேல் வந்த பைத்தியமும் அப்படித்தான் எனக்குப் படுகிறது. பெரியவர்கள் சொன்ன சொல் மாறும், 17 மாறாது.

1943இல் வீடு திரும்பினான். டங்ஸ்டன் இழை பல்பு செய்யும் டேவ் மாமா, கரிய பொடி படிந்த கைகளால் உலோகத் துண்டுகளை எடுத்துக் கொடுத்து, கனம் பார்க்கச் சொன்னார். புத்தகத்தின் உயிரே இந்த மாமாதான்.

இந்தப் புத்தகம் எழுதத் தூண்டியதும் ஒரு டங்ஸ்டன் கட்டிதான். 1997 கடைசியில் அதை அனுப்பியவர் வேதியியலாளர் ரோல்ட் ஹாஃப்மன். அவருடைய போர் இன்னும் கொடியது. நாஜிகளிடமிருந்து தப்பி, உக்ரைன் கிராமம் ஒன்றில் பள்ளிக்கூடப் பரணில் அம்மாவோடு ஒளிந்திருந்த யூதச் சிறுவன் அவர். அப்பாவைக் கொன்றுவிட்டார்கள். அங்கே கிடந்த புவியியல் பாடநூல்களை வைத்து அம்மா பாடம் நடத்தினார். 1981இல் நோபல் பரிசு.

ஒருவருக்கு மாமா, இன்னொருவருக்கு அம்மா. இதை விட்டுவிட்டு ‘போர்தான் விஞ்ஞானியை உருவாக்கியது’ என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அவர்களுக்கு நான் மைக்கேலைக் காட்டுவேன். அதே ப்ரேஃபீல்ட், அதே அடி. அடுத்துப் போன பள்ளியிலும் கொடுமை. பதினைந்து வயதில் மனம் சிதைந்தது. அண்ணனைப் பார்க்கவே பயந்து, தன் சோதனைக்கூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதை சாக்ஸே எழுதுகிறார். மறைக்கவில்லை. ஆனால் உலோகங்களுக்கு அத்தியாயம் அத்தியாயமாக இடம் கொடுத்தவர், அண்ணனைச் சில பக்கங்களில் கடந்துவிடுகிறார். எழுதும்போதும் அந்தக் கதவு சாத்தியேதான் இருக்கிறது.