எலும்பா, பிளாஸ்டிக்கா? கிடாரின் இரண்டு வெள்ளைத் துண்டுகள்

கிளாசிக்கல் கிடார் வாங்கிக் கொஞ்ச நாள் பழகியவர்களுக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, "பிளாஸ்டிக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு எலும்பு போடு" என்பதுதான். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பிள்ளைகளின் காதுக்கும் அது வந்து சேர்கிறது. என் பார்வையில் அது பாதிதான் சரி.

அந்த வெள்ளைத் துண்டுகளில் கழுத்தின் தலைப்பக்கம் இருப்பது நட், பலகைமேல் தந்தியைத் தாங்குவது சாடில். வீணையில் மேருவும் குதிரையும் செய்யும் வேலையைக் கிடாரில் இவை செய்கின்றன. ஒரு ஸ்வரத்தை அழுத்திய கணமே தந்தியின் மேல் எல்லை அந்த மெட்டுக்கு வந்துவிடுகிறது; நட் ஆட்டத்திலிருந்து விலகிவிடுகிறது. ஆகவே நட் எதனால் ஆனது என்பது, அழுத்தாமல் மீட்டும் வெறுந்தந்தியில் மட்டும்தான் கேட்கும். நட்டில் கவனிக்க வேண்டியது பள்ளத்தின் ஆழம். உயரம் கூடினால் முதல் மெட்டிலேயே சுருதி ஏறிவிடும். அதிகம் அராவினால் தந்தி மெட்டில் உரசி இரையும். சாடில் அப்படியல்ல. ஒவ்வொரு ஸ்வரமும் அதன் வழியாகத்தான் பலகைக்குள் இறங்குகிறது. செலவழிப்பதென்றால் அங்கே செலவழிக்கலாம்.

மாட்டெலும்புக்குச் சாதகங்கள் உண்டு. கெட்டியானது, கையால் அராவி வடிவம் கொடுக்கலாம், தேய்த்தால் பளபளக்கும். மலிவான கிடார்களில் வரும் உள்ளீடற்ற பிளாஸ்டிக்கில், கம்பி சுற்றிய தந்திகள் சீக்கிரமே தடம் பதித்துவிடும். ஆனால் எலும்பு உயிருள்ள உடலில் வளர்ந்த பொருள். ஒரே துண்டில் ஓரிடம் இறுகலாகவும் இன்னோரிடம் நுண்துளையோடும் இருக்கும்; கொழுப்பைச் சரியாக நீக்காவிட்டால் மஞ்சள் பூக்கும். கனடாவின் கிராஃப் டெக் நிறுவனம் செய்யும் டஸ்க் போன்ற செயற்கைப் பொருளில் இந்தத் தொல்லை இல்லை. சாடிலுக்கு அடியில் பிக்கப் வைத்து மேடையில் வாசிப்பவர்களுக்கு அந்தச் சீர்மை பெரிய வரம்.

இந்த வாதத்தில் பலரும் தவறவிடுவது பொருத்தத்தை. தந்திகளைத் தளர்த்திச் சாடிலை உருவி, அதன் அடிப்பக்கத்தைக் கண்ணாடித் தகட்டில் நிறுத்தி, பின்னால் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். கீற்றாக வெளிச்சம் தெரிகிற இடத்தில் அதிர்வு கடக்காது. கண்ணாடிமேல் உப்புத்தாளை விரித்து, அந்தக் கீற்று மறையும்வரை தேய்க்க வேண்டும். அடி கோணிய எலும்பைவிட அடி சமமான பிளாஸ்டிக் நன்றாகவே பேசும். சாடிலைப் பசை போட்டு ஒட்டவும் கூடாது. கோடையில் மரம் காய்ந்து பலகை இறங்கும், மழையில் ஊறி ஏறும். உயரத்தை மாற்ற அதைக் கழற்றித்தான் ஆக வேண்டும்.

நம் வாத்தியக் கைவினைஞர்களுக்கு இது புதிதல்ல. தஞ்சாவூர் வீணையில் மரக்குதிரைமேல் உலோகத் தகடு பதிக்கிறார்கள். அந்தத் தகட்டின் மெல்லிய வளைவை அராவி அராவிச் சரிசெய்வதில்தான் நாதம் பிறக்கிறது. தம்புராவில் இன்னும் தெளிவு: ராஜபாளையம் போன்ற நூற்பாலை ஊரில் எங்கும் கிடைக்கிற ஒரு பருத்தி இழையைக் குதிரைமேல் தந்திக்கடியில் வைத்து இம்மியளவு நகர்த்தினால் ஒலியே மாறிவிடுகிறது. தந்தி எங்கே, எப்படித் தொடுகிறது என்பதற்குத்தான் முதலிடம். எதைத் தொடுகிறது என்பது அடுத்ததுதான்.

தந்தத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய ஐரோப்பியக் கிடார்களில் தந்த நட்டும் சாடிலும் இருந்தன. பழைய வீணைகளில் தந்த அலங்காரம் இருந்தது. வீணையில் இன்று பிளாஸ்டிக் அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது, அதனால் நாதம் குறைந்துவிடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே உள்ள மலை 1988இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகி, 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. அந்தத் தந்தத்துக்கு உரிய யானைகள் அங்கே நடமாடுகின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் அதன் 1986 திருத்தமும் இந்தியத் தந்த வணிகத்துக்குக் கதவை அடைத்தன. தந்தத்துக்கு மாற்றாகச் சரணாலயத்தில் உதிர்ந்து கிடக்கும் மான் கொம்பை எடுத்து வருவதும் குற்றம்தான்.

சாடிலுக்கு மாட்டெலும்பு போடுங்கள். எலும்பு மனதுக்கு ஒப்பாதவர்கள் நல்ல செயற்கைப் பொருளைத் தயக்கமின்றி வாங்குங்கள். நட் சரியாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். தந்தம் என்று யாராவது ஒரு பழைய துண்டை நீட்டினால், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் வாங்காதீர்கள்.