பன்னிரண்டு மாத ஆட்டம்

ஒரு தேசத்தின் கால்பந்தாட்டத்தைப் பற்றி அறிய விரும்புகிறவர்கள், முதலில் அங்கே பேர்போன ஆட்டக்காரர்கள் யார் என்று கேட்பார்கள். நான் அந்தத் தேசத்தின் ஆட்ட அட்டவணையைக் கேட்பேன். எந்த மாதத்தில் யாரோடு யார் ஆட வேண்டும் என்று குறித்திருக்கும் அந்தக் காகிதத்திலேயே, அங்கே யாருக்குச் செல்வாக்கு, யாருக்கு இல்லை என்பதும் தெரிந்துவிடும். வருஷம் முழுவதும் பந்தயம் நடத்தும் பிரேஸில் நாட்டின் அட்டவணையை இந்த நோக்கோடு படித்துப் பார்க்கலாம்.

பிரேஸில் மிகப் பெரிய தேசம். பக்கத்து ஊர்க்காரனோடு ஆடுவதுதான் ஆதியில் அங்கே சாத்தியமாக இருந்தது. ஆகவே மாநிலப் பந்தயங்கள் முதலில் தோன்றின. சாவோ பாலோவில் 1902-ல் ஆரம்பித்தார்கள்; ரியோ டி ஜெனிரோவில் 1906-ல். தேசிய லீக் 1971-ல்தான் வந்தது. எல்லோரும் எல்லோரோடும் இருமுறை ஆடுவது என்ற ஒழுங்கு அதற்கு ஏற்பட்டது 2003-ல். புதியது வந்தபோது பழையதை யாரும் நிறுத்தவில்லை. ஆண்டின் முதல் மாதங்கள் மாநிலத்துக்கு. மீதி மாதங்கள் தேசிய லீகின் 38 ஆட்டங்களுக்கு. நடுவே 1989-ல் தொடங்கிய பிரேஸில் கோப்பை. அதற்கு மேல், 1960 முதல் நடந்துவரும் தென் அமெரிக்கக் கிளப்புகளின் லிபர்டடோரெஸ் கோப்பை. எல்லாவற்றிலும் நன்றாக ஆடி முன்னேறும் கிளப் ஓர் ஆண்டில் 70 ஆட்டங்களுக்கு மேல் ஆடித் தீர்க்க வேண்டும். ஜெயிக்க ஜெயிக்கச் சுமை ஏறுகிறது.

இந்தச் சுமை எந்த எல்லைக்குப் போகும் என்பதற்கு ஓர் உதாரணம் உண்டு. 1994 டிசம்பர் 11-ந் தேதி, போர்ட்டோ அலெக்ரே நகரத்து கிரேமியோ கிளப் ஒரே நாளில், ஒரே மைதானத்தில் மூன்று ஆட்டங்கள் ஆடியது. மாநிலப் பந்தயத்தை முடித்தாக வேண்டும்; அட்டவணையில் நாள் மிச்சமில்லை. இதை வேடிக்கையாகச் சொல்லிச் சிரிப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கென்னவோ சிரிப்பு வரவில்லை.

ஆனால் இது பாதி விஷயம்தான். அங்கே தொழில்முறைக் கிளப்புகளில் மிகப் பெரும்பாலானவை தேசிய லீகின் நாலு அடுக்குகளில் எதிலும் இடம் பெறாதவை. அவற்றுக்கு மாநிலப் பந்தயம் ஒன்றே கதி. இரண்டு மூன்று மாதத்தில் அது முடிந்தால் ஒப்பந்தமும் முடிந்தது. ஆட்டக்காரன் வேறு பிழைப்புப் பார்க்க வேண்டியதுதான். ஆக, ஒரே அட்டவணை ஒருவனை ஓயாமல் ஆட வைத்து அவன் முழங்காலைக் கெடுக்கிறது. இன்னொருவனை ஆடவே விடாமல் அவன் அடுப்பை அணைக்கிறது.

2013-ல் இதை ஆட்டக்காரர்களே எடுத்துச் சொன்னார்கள். ‘நல்ல புத்தி’ என்று பொருள்படும் ‘போம் சென்ஸோ’ என்ற பெயரில் சேர்ந்து, விடுமுறை வேண்டும், ஆயத்தத்துக்கு அவகாசம் வேண்டும், சிறிய கிளப்புகளுக்கு ஆண்டு முழுவதும் ஆட்டம் வேண்டும் என்று கேட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் ஆட்டத் தொடக்கத்தில் கைகட்டி நின்றார்கள். சாவோ பாலோவும் ஃபிளமெங்கோவும் மோதிய ஆட்டத்தில், அப்படி நின்றால் அட்டை காட்டுவேன் என்று நடுவர் எச்சரித்தார். அவர்கள் என்ன செய்தார்கள்? ஒரு நிமிஷ நேரம் பந்தை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கும், அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கும் சாவதானமாக உதைத்துக்கொண்டிருந்தார்கள். விதிப்படி அது ஆட்டம்தானே! அவ்வளவு நாகரிகமான எதிர்ப்பை நான் அதிகம் கண்டதில்லை. பலன் என்னவோ சொற்பம். 2016-ல் அந்த இயக்கம் கலைந்தது.

காரணம் வோட்டுக் கணக்கில் இருக்கிறது. 2017-ல் வகுத்த விதிப்படி, தேசிய சம்மேளனத்தின் தலைவர் தேர்தலில் 27 மாநிலச் சங்கங்களுக்குத் தலைக்கு மூன்று வோட்டு. முதல் அடுக்குக் கிளப்புகள் இருபதுக்கும் தலைக்கு இரண்டு. இரண்டாம் அடுக்குக் கிளப்புகள் இருபதுக்கும் தலைக்கு ஒன்று. 81-க்கு 60. மாநிலப் பந்தயத்தால் வாழும் சங்கங்கள் அதைக் குறைக்க எப்படிச் சம்மதிக்கும்? ஆடுகிறவனுக்கோ வோட்டே கிடையாது.

2025 அக்டோபரில் சம்மேளனம் ஒரு திருத்தத்தை அறிவித்தது. 2026 முதல் மாநிலப் பந்தயத்துக்கு அதிகபட்சம் 11 நாட்கள். தேசிய லீக் ஜனவரியிலேயே ஆரம்பம். நாலாம் அடுக்கில் 64 கிளப்புகள் இருந்த இடத்தில் 96. பெரியவர்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடமும், சிறியவர்களில் சிலருக்கு வேலையும் இதனால் கிடைக்கும். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் நாலாம் அடுக்குக்கு வெளியே நிற்பவர்களுக்கு, இருந்த சில மாதமும் சுருங்கிவிடுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

மாநிலப் பந்தயத்தை ஒழித்துவிட வேண்டும் என்பவர்களோடு நான் சேரமாட்டேன். நூறு வருஷத்துப் பகையும் உறவும் அதில் இருக்கின்றன. ஃபிளமெங்கோவும் ஃப்ளுமினென்ஸேயும் மோதும்போது ரியோ நகரமே இரண்டாகிறது. அதைத் தலைகீழாக மாற்றலாம் என்பதே என் அபிப்பிராயம். சிறிய கிளப்புகள் ஆண்டு முழுவதும் தமக்குள் ஆடட்டும். பெரிய கிளப்புகள் கடைசிச் சில வாரங்களில் மட்டும் வந்து கலந்துகொள்ளட்டும். பன்னிரண்டு மாதமும் ஆட்டம் வேண்டும் என்று பிரேஸில் ஜனங்கள் ஆசைப்படுவதில் தப்பில்லை. அந்தப் பன்னிரண்டு மாதத்தையும் இருபது கிளப்புகளின் கால்களைக் கொண்டே ஓட்டிவிடப் பார்ப்பதுதான் தப்பு.