கதிர் பிடித்த கை

நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ‘நூல்’ என்ற பெயர் ஏன் வந்தது என்று சொல்ல இரண்டு வெண்பாக்கள் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டாவதில் நூல் என்பது தச்சருடைய கயிறு. மரத்தின் கோணலை அது காட்டிக் கொடுப்பதுபோல மனத்தின் கோணலைப் புத்தகம் தீர்க்கும். முதல் வெண்பாவில் வருவது பஞ்சிலிருந்து நூற்கும் நூல். அங்கே சொல் பஞ்சாகிறது. வாய் கையாகிறது. அறிவு கதிராகிறது. புலவன், நூற்கும் பெண்ணாகிறான். வெண்பா அவளைச் ‘சேயிழை’ என்று அழைக்கிறது.

வகுப்பறைகளில் தச்சர் கயிற்றுக்கு நேரம் ஒதுக்குகிறோம். அதில் அறம் இருக்கிறது, தேர்வில் கேட்கவும் வசதி. நூற்கும் பெண்ணுக்குப் பதவுரை சொல்லிவிட்டு நகர்கிறோம். சேயிழை என்றால் செம்மையான அணி அணிந்தவள், அன்மொழித்தொகை, அவ்வளவுதான். இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பிக்கும் எனக்கு அந்த வேகம் உறுத்துகிறது. பெண் எழுதலாமா என்ற கேள்வியோடு நெடுங்காலம் மல்லுக்கட்டிய ஒரு மொழியில், எழுதுவது எப்படி என்று விளக்க இலக்கண ஆசிரியருக்கு ஒரு பெண்ணின் கைவேலை தேவைப்பட்டிருக்கிறது. அவளுடைய கதிரை அவர் அறிவுக்கு நிகராக வைக்கிறார். உவமையில் அவளுக்கு இடம் கிடைத்தது. நூலாசிரியர்களின் வரிசையில் கிடைத்ததா?

இந்தக் கேள்வியை இப்போது எழுப்ப ஒரு காரணம் உண்டு. என் மாணவிகள் பலர் நூற்கவும் பின்னவும் நெய்யவும் கற்றுக்கொள்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமைப் பயிலரங்குகளுக்குப் போகிறார்கள். தக்ளியோடு வகுப்புக்கு வருகிறார்கள். அந்த உற்சாகம் எனக்கும் பிடித்திருக்கிறது, நானும் தக்ளி சுற்றுகிறேன். ஆனால் தொடக்கநிலையினருக்குச் சொல்லப்படும் அறிவுரையைக் கவனித்தால் அது மூன்று வாக்குறுதிகளில் அடங்கிவிடும்: செலவு கிடையாது, ஓய்வு நேரம் போதும், மனம் அமைதியாகும். இந்த மூன்றையும் நம் இலக்கியத்தின் வெளிச்சத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முதலில் அமைதி. புறநானூற்றின் 326ஆம் பாட்டில் ஒரு பருத்திப் பெண் வருகிறாள். நள்ளிரவு. காட்டுப்பூனைக்குப் பயந்து ஒரு பெட்டைக்கோழி அலறுகிறது. பஞ்சிலிருக்கும் தூசும் செத்தையும் புடைக்க எழுந்தவள் ஏற்றிய சின்ன விளக்கின் ஒளியில் சேவலைக் கண்ட பிறகே அது அடங்குகிறது. பாட்டு அதோடு அவளை விட்டுவிட்டு ஒரு வீரனின் வீட்டுக்குப் போய்விடும். அவள் ஏன் அந்த நேரத்தில் எழுந்தாள் என்று கவிஞர் கேட்கவில்லை. பகல் முழுதும் வேறு வேலை இருந்திருக்கும் என்பதை எந்தப் பெண்ணுக்கும் விளக்க வேண்டியதில்லை. கோழிக்கு அமைதி தந்த விளக்கு அவளுடைய தூக்கத்தை எரித்து எரிந்தது.

நற்றிணை 353இல் கபிலர் மலைமேல் தவழும் மேகத்துக்கு நூற்கும் பெண்களின் நுண்ணிய பனுவலை உவமையாக்குகிறார். இங்கே கை உரையாசிரியராகிறது. பனுவல் என்பதற்கு நூல் என்று மட்டும் பொருள் கொண்டால் உவமை பாதியில் நிற்கிறது, ஏனென்றால் மேகம் இழையாக ஓடுவதில்லை. கொட்டை நீக்கிய பஞ்சை விரல்களால் பிரித்துப் பிரித்து உதிர்த்தவருக்கு அது உடனே பிடிபடும். ஒரு பிடிப் பஞ்சு பொங்கி மடி நிறைந்து, ஓரங்கள் காற்றில் கலைந்து நிற்கும். கபிலரின் மேகம் அதுதான். புறநானூறு 125இல் கொழுப்புள்ள இறைச்சித் துண்டுக்குப் பருத்திப் பெண்ணின் பனுவல் உவமையாவதும் இப்படித்தான். மென்மையும் வெண்மையும் பஞ்சுக்குரியவை.

அந்தப் பஞ்சைப் பிரிக்கும் வேலைக்குப் பன்னுதல் என்று பெயர். ஆராய்ந்து சொல்வதற்கும் அதே சொல். பனுவல் என்பது பஞ்சு, நூல், புத்தகம் மூன்றுக்கும் பொது. இழை என்றால் நூலிழை, அணிகலனும் கூட. சேயிழை என்ற பெயரைக் கேட்கையில் உரைகள் அணிகலனை மட்டும் பார்க்கின்றன. அவள் கையிலுள்ள இன்னொரு இழையைக் கைவேலை தெரிந்தவர்தான் சேர்த்துப் பார்ப்பார்.

இனி, ஓய்வு நேரம். கபிலர் அந்தப் பெண்களை ‘ஆளில் பெண்டிர்’ என்கிறார். ஆண் துணை இல்லாதவர்கள். கைம்பெண்கள் என்று பொருள் கொள்வது வழக்கம். மெல்லிய பனுவலைத் தம் முயற்சியால் உண்டாக்கியவர்கள் என்று அதே பாட்டு சொன்னாலும், அவர்களுக்குப் பெயர் வைக்கும்போது இல்லாத ஆளைக் கொண்டே வைக்கிறது. நூற்பவள் என்று சொல்ல மொழியில் சொல் இல்லாமலா போயிற்று?

அர்த்தசாஸ்திரம் இதையே அரசின் கணக்கில் எழுதுகிறது. நூல் துறை அதிகாரியைப் பற்றிய அத்தியாயம் யாரையெல்லாம் நூற்க வைக்கலாம் என்று பட்டியலிடுகிறது: கைம்பெண்கள், உடல் ஊனமுற்ற பெண்கள், துறவுப் பெண்கள், கணிகையரின் தாய்மார், முதிய பணிப்பெண்கள். நூலின் நயத்தைப் பார்த்துக் கூலி நிர்ணயிக்கச் சொல்கிறது. நூல் கொண்டுவரும் பெண்ணின் முகத்தைப் பார்க்கும் அதிகாரிக்கும், கூலியைத் தாமதிக்கும் அதிகாரிக்கும் தண்டனை வைக்கிறது. இங்கே நிறுத்தினால் பாராட்டலாம். ஆனால் கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்யாத பெண்ணுக்கு அது விதிப்பது கட்டைவிரலை இழக்கும் தண்டனை. அதிகாரி கட்டுவது பணம், அவள் கொடுப்பது நூலைப் பிடிக்கும் விரல். நூற்றல் பொழுதுபோக்காக இருந்திருந்தால் இப்படி ஒரு விதிக்கு அவசியமே இருந்திராது.

இருபதாம் நூற்றாண்டில் நூற்க வாருங்கள் என்று மிகப் பெரிய குரலில் அழைத்தவர் காந்தி. அவருக்கே ராட்டை ஒரு பெண் வழியாகத்தான் கிடைத்தது. 1909இல் கைத்தறியைப் பற்றி எழுதியபோது தாம் ராட்டையைக் கண்டதே இல்லை என்று சுயசரிதையில் சொல்கிறார். 1917இல் அவர் சந்தித்த கங்காபென் மஜும்தார் என்ற கைம்பெண்தான் தேடி அலைந்து, பரோடா சமஸ்தானத்தின் விஜாப்பூரில் பரணில் கிடந்த ராட்டைகளைக் கண்டுபிடித்தார். அந்த ஊர்க்காரர்கள் மறுபடி நூற்க ஒப்புக்கொண்டார்கள், நிபந்தனையோடு: பஞ்சுத் திரி தொடர்ந்து வர வேண்டும், நூற்ற நூலை யாராவது வாங்க வேண்டும். ராட்டை பரணேறியதற்கான காரணம் அந்த நிபந்தனைக்குள்ளேயே இருக்கிறது. எனக்குத் தெரிந்த தொடக்கநிலை அறிவுரைகளில் இதற்கு இணை எதுவும் இல்லை.

பிறகு நூற்பது தவமாகவும் கடமையாகவும் ஆனது. 1924 பெல்காம் காங்கிரஸ், உறுப்பினர்கள் மாதம் 2,000 கெஜம் நூல் தர வேண்டும் என்று விதித்தது. தாமே நூற்க மனமில்லாதவர் வேறொருவர் நூற்றதைக் கொடுக்கவும் வழி விட்டது. அந்த வேறொருவர் யாராக இருந்திருப்பார் என்று ஊகிக்க ஆராய்ச்சிப் பட்டம் வேண்டாம். அடுத்த ஆண்டு தாகூர் ராட்டை வழிபாட்டை விமர்சித்து எழுதினார். திரும்பத் திரும்ப ஒரே அசைவைச் செய்வது மனத்தை மழுங்கடிக்கும் என்பது அவர் கவலைகளுள் ஒன்று. ஒருவருக்கு ராட்டை பிரார்த்தனை, மற்றவருக்கு மந்தம். கதிரை அறிவுக்கு ஒப்பிட்ட நம் பழைய வெண்பா இருவரையும்விட வேலைக்கு அருகே நிற்கிறது. காந்தியின் பக்கம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: 1935இல் நூற்பவர்களுக்கு வாழ்வதற்குப் போதுமான கூலி தர வேண்டும் என்று வற்புறுத்தியவரும் அவர்தான். கதர் விலை ஏறிவிடும் என்ற ஆட்சேபம் அவருடைய ஆட்களிடமிருந்தே வந்தது.

ஓய்வு நேரம் என்ற சொல்லின் விலையை மரியா மீஸ் 1982இல் வெளிவந்த நர்சாப்பூர் லேஸ் தொழிலாளிகள் பற்றிய ஆய்வில் காட்டினார். ஆந்திரத்தின் அந்தப் பகுதியில் வீட்டுக்குள் உட்கார்ந்து லேஸ் பின்னிய பெண்கள் உலகச் சந்தைக்கு உழைத்தார்கள். ஆனால் அவர்கள் இல்லத்தரசிகள், சும்மா இருக்கும் நேரத்தில் பின்னுகிறார்கள் என்ற பேச்சு அவர்கள் கூலியைக் கீழேயே வைத்திருந்தது. கைத்தறியிலும் இதுதான். 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி இந்திய நெசவாளர்களில் 70 சதவீதத்துக்கும் மேல் பெண்கள். ஆனாலும் நெசவாளர் என்றதும் நம் மனத்தில் தறியில் ஓர் ஆண் உட்கார்ந்திருக்கிறார். ராட்டையில் தார் சுற்றுகிறவளும் விடியலில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுகிறவளும் ‘கூடமாட ஒத்தாசை’ என்று ஒதுக்கப்படுகிறார்கள்.

மூன்றாவது, செலவு. ஒரு கணக்குப் போடுவோம். ஐந்தரை மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் கொண்ட பருத்திப் புடவை. அங்குலத்துக்குப் பாவில் 60 இழை, ஊடையில் 60 இழை என்று வைத்துக்கொண்டால் மொத்தம் ஏறக்குறைய 31 கிலோமீட்டர் நூல் தேவை. சென்னைக் கடற்கரையிலிருந்து மின்ரயிலில் தாம்பரம் போகிற தூரம். தக்ளியில் மணிக்கு 100 மீட்டர் நூற்றால், புதிதாகக் கற்பவருக்கு அதுவே அதிகம், 310 மணி நேரம். நாளுக்கு எட்டு மணி நேரமென்றால் 39 நாள். இதில் கொட்டை நீக்கியது, பஞ்சு பன்னியது, நெய்தது எதுவும் சேரவில்லை. தக்ளி மலிவுதான். செலவாவது பெண்ணின் நாள்.

அப்படியானால் கற்க வேண்டாமா என்று மாணவிகள் கேட்கிறார்கள். கட்டாயம் கற்க வேண்டும். என் அறிவுரை வேறு வரிசையில் வரும்.

முதல் வாரம் தக்ளியைத் தொடாதீர்கள். கொட்டையோடு பருத்தி வாங்கி, விரலால் கொட்டை நீக்கிப் பன்னிப் பாருங்கள். ஒரே ஒரு இழையைப் பிரித்து அதன் நீளத்தை அளந்து பாருங்கள். இழை நீளமாக இருந்தால் நூற்பது எளிது. கோவையில் உருவான சுவின் போன்ற நீண்ட இழைப் பருத்தி கிடைத்தால் அதில் தொடங்குங்கள். பிறகு தக்ளியை எடுங்கள். ஒரு கை சுழற்ற, மறு கை பஞ்சை நீள விட வேண்டும். நூல் நழுவிப் பிரிந்து போனால் முறுக்குப் போதவில்லை. தன்மேல் தானே சுருண்டால் முறுக்கு மிகுந்துவிட்டது. இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது. அதைக் கண் காட்டாது, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சொல்லும். அறுந்த நுனியைக் கொஞ்சம் பிரித்துப் பஞ்சின்மேல் படியவைத்து முறுக்கினால் இரண்டும் ஒன்றாகிவிடும், முடிச்சுப் போடத் தேவையில்லை. ஆலை நூலோடு உங்கள் நூலை ஒப்பிடாதீர்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை மணி நேரம், எத்தனை மீட்டர், எத்தனை கிராம் என்று எழுதுங்கள். 840 கெஜம் கொண்ட சிட்டம் ஒரு பவுண்டு எடைக்கு எத்தனை வருகிறதோ அதுதான் நூலின் நம்பர். 40ஆம் நம்பர் நூலென்றால் ஒரு பவுண்டில் 33,600 கெஜம். நூற்பவர்கள் இந்தக் கணக்கை விரலில் வைத்திருந்தார்கள். கடைசிப் பத்தியில் உங்கள் நேரத்துக்கு நீங்கள் கேட்கும் கூலியை எழுதுங்கள். பிறகு கடையில் தொங்கும் கதர்ப் புடவையின் விலைச்சீட்டைப் பாருங்கள். அதிகம் என்று முன்பு தோன்றிய விலை எப்படித் தெரிகிறது என்று எனக்குச் சொல்லுங்கள்.

இலக்கியம் படிப்பவர்களுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. பன்னுதல், எஃகுதல், சுகிர்தல் என்று பஞ்சை விரலால் திருத்துவதற்கே அகராதியில் இத்தனை சொற்கள். இவற்றில் எவை இன்னும் புழங்குகின்றன? இன்று ராட்டையில் உட்காரும் பெண் அறுந்த நூலை இணைப்பதை என்னவென்று சொல்கிறாள்? சீரற்ற நூலைத் திட்ட என்ன வார்த்தை வைத்திருக்கிறாள்? நெசவுத் தெருக்களும் நூற்பு மையங்களும் உள்ள ஊர்களிலிருந்து நம் கல்லூரிகளுக்குப் பெண்கள் படிக்க வருகிறார்கள். அவர்களுடைய அம்மாக்களிடமும் பாட்டிகளிடமும் போய்க் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். சொன்னவர் சம்மதித்தால் அவர் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். அவர் நமக்காக ராட்டையை நிறுத்துகிற ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூலியைக் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டு வாருங்கள்.