காயம் தானாக ஆறியதா? பாமாவின் ‘கருக்கு’ நூலை மறுபடி வாசித்தபோது



போன தவணையில் என் படிவம் ஐந்து மாணவர்களுக்குப் பாமாவின் ‘கருக்கு’ நூலிலிருந்து சில பகுதிகளை வாசிக்கக் கொடுத்திருந்தேன். தேர்வுக்கான நூலாக அல்ல, திறனாய்வுப் பயிற்சிக்காக. ‘நூலாசிரியர் தம் மனக்காயத்திலிருந்து எப்படி மீண்டார்?’ என்று ஒரு கேள்வி. பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் ஒரே பதிலைத்தான் எழுதியிருந்தார்கள்: இறை நம்பிக்கையால் மீண்டார். நானும் சரி போட்டு, முழுப் புள்ளி கொடுத்துவிட்டேன்.

தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று ஒரு மாணவி என் மேசைக்கு வந்தாள். “டீச்சர், சாமிகிட்ட வேண்டிக்கிட்டும் வலி போகலைன்னா, நமக்கு நம்பிக்கை பத்தலைன்னு அர்த்தமா?” என்று கேட்டாள். அது நூலைப் பற்றிய கேள்வி மட்டும் இல்லை என்று அவள் முகமே சொன்னது. அவள் விஷயத்தை இங்கே எழுத மாட்டேன். இரண்டு பேரும் சேர்ந்து கவுன்சலிங் ஆசிரியரைப் பார்க்கப் போனோம், அவ்வளவுதான். ஆனால் அன்று இரவு நூலைத் திரும்ப எடுத்து முதலிலிருந்து வாசித்தேன். நான் சரி போட்டது தப்பு என்று அப்போதுதான் உறைத்தது.

நூலை அறியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘கருக்கு’ 1992இல் வெளிவந்த தன்வரலாறு. பாமா தமிழ்நாட்டின் தென்பகுதிக் கிராமம் ஒன்றில், கத்தோலிக்கத் தலித் குடும்பத்தில் பிறந்தவர். படித்து ஆசிரியரானார். பிறகு அந்த வேலையை விட்டுக் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு மடத்தை விட்டு வெளியே வந்தார். வேலையில்லை, கையில் காசில்லை, இனி எங்கே போவது என்றும் தெரியவில்லை. அந்த நிலையில் எழுதிய நூல் இது.

இந்த நூலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பலகாரப் பொட்டலக் காட்சியைத்தான் சொல்வார்கள். தெருவில் ஒரு பெரியவர் பொட்டலத்தைத் தொடாமல், அதன் கயிற்றைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போய் முதலாளியிடம் கொடுப்பார். அதைப் பார்த்துச் சிறுமிக்குச் சிரிப்பு வரும். அண்ணன் காரணத்தைச் சொன்ன பிறகு சிரிப்பு நின்றுவிடும். நல்ல காட்சிதான். ஆனால் என் கேள்விக்கு விடை அங்கே இல்லை. தென்னை மரக் காட்சியைப் பாருங்கள்.

பிள்ளைகள் பள்ளியில் விளையாடுகிறார்கள். சாய்ந்த தென்னை மரத்தில் ஓடி ஏறி, காயைத் தொட்டுவிட்டு இறங்குவது விளையாட்டு. இவர் தொடும்போது ஒரு பிஞ்சுக் காய் விழுந்துவிடுகிறது. மறுநாள் தலைமையாசிரியர் எல்லார் முன்னிலையிலும் கூப்பிட்டு, திருடி என்கிறார். சாதிப் பெயரைச் சொல்லி, உன் புத்தியைக் காட்டிவிட்டாய் என்கிறார். பள்ளிக்குள் திரும்ப வேண்டுமானால் பங்குச் சாமியாரிடம் கடிதம் வாங்கி வர வேண்டும். பிள்ளை அழுதுகொண்டே போகிறது. சாமியாரும் அதையேதான் சொல்கிறார்: சேரிப் பிள்ளைதானே, எடுத்திருப்பாய். வெகுநேரம் கழித்துக் கடிதம் தருகிறார். அதைக் கொண்டு வகுப்புக்குள் நுழையும்போது எல்லாரும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

ஆசிரியராக இருக்கும் நமக்கு இந்தப் பக்கத்தைக் கடப்பது கஷ்டம். காயப்படுத்தியவர்கள் யார்? ஒருவர் ஆசிரியர், மற்றவர் குருவானவர். ஆறுதல் கிடைக்க வேண்டிய இரண்டு வாசலிலும் அடிதான் கிடைத்தது. அப்படியிருக்க, ‘இறை நம்பிக்கையால் மீண்டார்’ என்று ஒரு வரியில் எழுதினால், அந்தச் சாமியார் எங்கே போனார்?

அதற்காக, மதத்தை வெறுத்தவர் எழுதிய நூல் என்று அடுத்த பக்கம் சாய்ந்துவிடாதீர்கள். அதுவும் சரியில்லை. நூலுக்குள் இரண்டு விதமான கடவுள் இருக்கிறார். ஒருவர், சிறு வயதில் சிஸ்டர்கள் பேய்க்கதை சொல்லிப் பயமுறுத்திக் காட்டிய கடவுள். பெரியவளான பிறகு அதே கடவுள் அடக்கம், பொறுமை, கீழ்ப்படிதல் என்று மட்டும் போதிக்கிறார். இன்னொருவர், பாமா தாமே விவிலியத்தை வாசித்துக் கண்டுகொண்ட இயேசு. இவர் ஏழைகள் பக்கம் நிற்கிறார், அநியாயத்தைக் கண்டால் கோபப்படுகிறார். இந்த இயேசுவைப் பற்றி ஏன் யாரும் அழுத்திச் சொல்லவில்லை என்பதுதான் பாமாவின் வழக்கு. அவருக்குத் தெம்பு கொடுத்தது இந்த இரண்டாவது நம்பிக்கை. அந்த நம்பிக்கைதான் அவரை மடத்துக்குள் அழைத்துப் போனது; ஏழைப் பிள்ளைகளுக்குத் தொண்டு செய்யத்தான் போனார். அங்கே வசதியான வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு மரியாதை, தம் மக்களுக்கு ஒரு மரியாதை என்று கண்டதும், வெளியே வரச் சொன்னதும் அதே நம்பிக்கைதான் என்று நான் வாசிக்கிறேன்.

தலைப்பையும் கவனியுங்கள். கருக்கு என்பது பனைமட்டையின் இரு ஓரத்திலும் ரம்பம் மாதிரி இருக்கும் கூர்மை. விறகு பொறுக்கப் போகும்போது கையைக் கிழித்த கருக்கு. பழைய தமிழ் விவிலியத்தில், எபிரெயர் நிருபத்தில், இறைவார்த்தையை இருபுறக் கூர்மையுள்ள வாளோடு ஒப்பிடும் இடத்திலும் இதே சொல் வருகிறது. முன்னுரையில் பாமாவே இரண்டையும் சேர்த்துச் சொல்கிறார். காயப்படுத்திய பொருளின் பெயரும் விடுதலை தரும் வார்த்தையின் பெயரும் ஒன்றாகிவிட்டது. குறியீடு என்று தேர்வில் எழுதுகிறோமே, அதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குச் சட்டென்று தோன்றவில்லை.

அப்படியானால் காயத்தை ஆற்றியது எது? பத்து ஆண்டுகள் கழித்து எழுதிய பின்னுரையில், தம் உள்காயத்தை ஆற்றிக்கொள்ளவே இந்த நூலை எழுதியதாகப் பாமா சொல்கிறார். ‘ஆற்றிக்கொள்ள’ என்ற வினையைப் பாருங்கள். ‘ஆறியது’ வேறு, ‘ஆற்றிக்கொண்டேன்’ வேறு. இலக்கணப் பாடத்தில் தன்வினை, பிறவினை என்று நடத்துகிறோம், ஆற்றுவது பிறவினை. அதோடு ‘கொள்’ சேரும்போது, செய்கிறவரும் பலன் அடைகிறவரும் ஒருவரே ஆகிவிடுகிறார். அதுவும் எந்த மொழியில் ஆற்றிக்கொண்டார்? திருத்திய எழுத்துத் தமிழில் இல்லை. பாட்டியும் அம்மாவும் பேசிய தெருப்பேச்சில். மடத்தில் வாயை மூடியிருந்தவருக்கு அந்தப் பேச்சுதான் வாயைத் திறந்தது. ‘மொழிநடை: பேச்சு வழக்கு’ என்று எழுதிவிட்டு நம்ம பிள்ளைங்க அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். ஏன் பேச்சு வழக்கு என்று ஒரு வரி சேர்த்தால் விடையின் தரமே மாறிவிடும்.

குறையும் உண்டு. மடத்தைப் பற்றிய பிற்பகுதியில் சொன்னதே திரும்பத் திரும்ப வருகிறது. தென்னை மரம் மாதிரி கண்ணில் நிற்கும் காட்சிகள் அங்கே குறைவு, குற்றச்சாட்டுகள் அதிகம். யார், என்ன சொன்னார்கள், எந்த அறையில் நடந்தது என்று காட்டியிருந்தால் இன்னும் வலித்திருக்கும். முதல் வாசிப்பில் இது எனக்குச் சலிப்பாகவே இருந்தது. இப்போது கொஞ்சம் தயங்குகிறேன். புண் ஆறாதவர் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்வதை நாம் பார்த்திருக்கிறோம். ஆனாலும் நூல் என்ற அளவில் அது குறைதான் என்றே சொல்வேன்.

இன்னொன்று. ‘இது தமிழ்நாட்டுக் கதை, நம்ம ஊர்ல சாதி எல்லாம் இல்ல டீச்சர்’ என்று வகுப்பில் ஒரு குரல் எழும். உங்கள் வகுப்பிலும் எழும். நான் வாதாடவில்லை. வீட்டில் கல்யாணப் பேச்சு வரும்போது பெரியவர்கள் முதலில் என்ன விசாரிக்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வரச் சொன்னேன். மறுநாள் அந்தக் குரல் எழவில்லை.

மாணவர்களே, விடை எழுதும்போது ‘படிப்பினை: கடவுளை நம்பினால் துன்பம் தீரும்’ என்று முடிக்காதீர்கள். நூலில் துன்பம் தீரவில்லை. கடைசிப் பக்கங்களிலும் பாமா பயத்தோடுதான் இருக்கிறார். நாளைக்கு என்ன என்று அவருக்கே தெரியாது. நம்பிக்கையும் இருக்கிறது, வலியும் இருக்கிறது. ஒன்று இருப்பதால் மற்றது பொய்யாகிவிடாது. அந்த மாணவியிடமும் இதைத்தான் சொன்னேன்.

விடைத்தாள்களைத் திரும்ப வாங்கி, கொடுத்த புள்ளியை அடித்துவிட்டு, கேள்வியை மாற்றி எழுதச் சொன்னேன்: ‘பாமாவைக் காயப்படுத்திய நம்பிக்கை எது, தாங்கிய நம்பிக்கை எது? நூலிலிருந்து சான்று தருக.’ புள்ளி குறைந்ததில் பிள்ளைகளுக்குக் கோபம். அந்த மாணவி மட்டும் கூடுதலாக இரண்டு தாள் கேட்டு வாங்கிப் போனாள்.