தம் எழுத்துக்குத் தாமே மறுமொழி: உர்சுலா லெ குவினின் படைப்புகள்

அறிவியல் புனைகதை, மாயக்கதை, சிறுவர் நாவல், கவிதை, கட்டுரை, மொழிபெயர்ப்பு எனப் பல துறைகளில் எழுதியவர் அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் (1929–2018). இத்தகைய எழுத்தாளரைப் பற்றிப் பேசப் புகுவோர் அவருடைய பன்முகத் திறனை வியந்து, நூற்பெயர்களை அடுக்கி, அவ்வளவில் அமைந்துவிடுவது வழக்கம். வியப்பு மட்டும் திறனாய்வு ஆகாது. எழுதி முடித்து உலகமும் பாராட்டிவிட்ட தம் படைப்புகளுக்கே லெ குவின் ஏன் திரும்பத் திரும்பச் சென்றார் என்பதே ஆராயத் தக்கது.

கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் பிறந்தவர் அவர். தந்தை ஆல்ஃபிரட் குரோபர் பெயர்பெற்ற மானிடவியல் அறிஞர். தாய் தியடோரா குரோபர், யாஹி என்னும் பழங்குடியில் இறுதியாக எஞ்சிய இஷி என்பவரின் வாழ்க்கையை 1961-இல் நூலாக எழுதியவர். வேற்று மக்களிடையே சென்று தங்கி, அவர்கள் உண்பதையும் உறவாடுவதையும் மணம் புரிவதையும் குறித்துக்கொள்ளும் துறை மானிடவியல். லெ குவினின் அறிவியல் கதைகளில் எந்திரங்கள் குறைந்து, மக்களின் வழக்காறுகள் மிகுந்திருப்பதற்கு இந்த வளர்ப்பும் ஒரு காரணம் எனலாம். விண்கலம் அவருக்கு ஒரு படகு. மறுகரை சேர்ந்ததும் அதனை மறந்துவிடுவார்.

1969-இல் வெளிவந்து ஹியூகோ, நெபுலா ஆகிய இரு பரிசுகளையும் பெற்ற நாவல் 'தி லெஃப்ட் ஹேண்ட் ஆஃப் டார்க்னஸ்'. 'இருளின் இடக்கை' என்று அதனை நாம் குறிக்கலாம். கெத்தன் என்ற பனிக்கோளில் வாழும் மக்கள் ஆணும் அல்லர், பெண்ணும் அல்லர். மாதத்தில் சில நாள் மட்டும் அவர்களுக்குப் பால்வேட்கை தோன்றும். அந்நாள்களில் ஒருவர் ஆணாகவோ பெண்ணாகவோ மாறுவார். எதுவாக மாறுவார் என்பது முன்கூட்டித் தெரியாது. சில பிள்ளைகளைப் பெற்ற தாய் வேறு சில பிள்ளைகளுக்குத் தந்தையாகவும் இருக்கலாம். அரசரே கருவுறலாம். இவ்வுலகுக்குத் தனியனாகத் தூது வரும் கென்லி ஐ என்ற ஆடவன், தனக்கு உதவ முற்படும் முதலமைச்சர் எஸ்ட்ராவனை நம்ப மறுக்கிறான். அரசியல் ஐயத்தைக் காட்டிலும், அவரிடம் தான் காணும் பெண்மைச் சாயலே அவனை விலகி நிற்கச் செய்கிறது. பின்னர் இருவரும் பெரும் பனிப்பரப்பின்மீது சறுக்குவண்டியை இழுத்துச் செல்கின்றனர். ஒரே கூடாரத்தில் பல வாரம் கழித்த பின்னரே, எதிரில் இருப்பவர் இரு பாலும் ஆனவர் என்பதை அவன் மனம் ஏற்கிறது. மனத்தோடு மனம் பேசும் கலையை அவன் அங்கே கற்பிக்கிறான். அப்போது எஸ்ட்ராவனுக்கு அவன் குரல், இறந்துபோன தம் உடன்பிறப்பின் குரலாகக் கேட்கிறது. நட்பைக் குறித்து இத்துறையில் இதற்கு ஈடான ஒரு பகுதியை நான் படித்ததில்லை.

இத்துணைச் சிறந்த நாவலில் ஒரு முள்ளும் உண்டு. பால் வேறுபாடே இல்லாத மக்களைக் குறிக்க ஆசிரியர் ஆங்கிலத்தின் ஆண்பாற் சுட்டுப்பெயரையே நூல் முழுதும் ஆண்டிருக்கிறார். அதனால் படிப்பவர் மனத்தில் கெத்தன் ஆடவர் நாடாகவே பதிந்துவிடுகிறது. கதை, எஸ்ட்ராவனை அமைச்சராகவும் நாடுகடத்தப்பட்டவராகவும் வழிநடைத் தோழராகவும் காட்டுகிறது. குழந்தையை மடியில் வைத்திருப்பவராக எங்கும் காட்டவில்லை.

தமிழ் பயில்வோரும் பயிற்றுவிப்போரும் இவ்விடத்தில் சற்று நின்று எண்ணுதல் நன்று. இந்நாவலைத் தமிழாக்கப் புகுபவருக்கு முதற்பக்கத்திலேயே இடர் எழும். ஆங்கிலத்தில் சுட்டுப்பெயர் மட்டுமே பால் காட்டும். தமிழில் வினைமுற்றும் காட்டும். 'அவன்' என்ற சொல்லை மறைத்தாலும் 'வந்தான்' என்னும் விகுதி அதனைக் காட்டிக் கொடுத்துவிடும். ஆனால் ஆங்கிலத்துக்கு இல்லாத ஒரு வாயிலும் நமக்கு உண்டு. பலர்பாலுக்குரிய 'அவர்' மரியாதைப் பன்மையாக ஒருவரையும் குறிக்கும். அதற்கு ஆண் பெண் வேறுபாடில்லை. 'எஸ்ட்ராவன் வந்தார்' என்று எழுதிவிடலாம். நான் மேலே எழுதியதும் அவ்வாறே. எனினும் இவ்வாயில் தாராளமாகத் திறப்பதன்று. அரசருக்கும் அமைச்சருக்கும் 'அவர்' பொருந்தும். சிறைவண்டியில் அடைபட்டுக் கிடக்கும் கைதிக்கும் தெருவில் ஓடும் சிறுவருக்கும் அதனையே சொன்னால், பால் மறைவதோடு உயர்வு தாழ்வும் சேர்ந்து மறைந்துவிடும். மலாய் மொழியில் மொழிபெயர்த்தாலோ இச்சிக்கலே இல்லை. 'டியா' என்ற ஒரு சொல் அனைவர்க்கும் போதும். மூலத்திலுள்ள முள்ளும் அங்கே காணாமற்போகும். ஒரு நூலின் குறை மூலமொழியின் இலக்கணத்திலிருந்தும் பிறக்கலாம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

குறை சுட்டப்பட்டபோது லெ குவின் முதலில் வாதாடினார். 1976-இல் எழுதிய ஒரு கட்டுரையில், ஆங்கிலத்தைச் சிதைத்துப் புதுச் சுட்டுப்பெயர் படைக்கத் தமக்கு விருப்பமில்லை என்று கூறினார். ஆனால் அதற்கு முந்திய ஆண்டிலேயே, கெத்தனைக் களமாகக் கொண்ட தம் பழைய சிறுகதை ஒன்றைத் தொகுதியில் சேர்த்தபோது, அம்மக்களுக்குப் பெண்பாற் சுட்டுப்பெயரை இட்டு மாற்றியிருந்தார்! வாதம் ஒருபுறமும் கை மற்றொருபுறமும் சென்றன போலும். 1989-இல் வந்த கட்டுரைத் தொகுதியில் அந்த வாதத்தையும் கைவிட்டார். கைவிட்ட முறை கவனிக்கத் தக்கது. பழைய கட்டுரையை அவர் அழிக்கவில்லை. அதனை அப்படியே நிறுத்தி, தம் மறுப்புகளை இடையிடையே சேர்த்து வெளியிட்டார். முதலில் என்ன நினைத்தார், பின் எவ்வாறு மாறினார் என்பதை ஒரே பக்கத்தில் நாம் காணலாம்.

மாயக்கதைத் துறையில் அவர் செய்தது இதனினும் துணிவானது. எர்த்சீ என்னும் தீவுக்கூட்ட உலகைப் பற்றிய முதல் நாவல் 1968-இல் வந்தது. அங்கே ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிவதே மந்திரம். செருக்கினால் ஒரு நிழலை உலகில் ஏவிவிட்ட கெட் என்ற இளைஞன், கடல்களைக் கடந்து அதனைத் துரத்திச் சென்று, தன் பெயரையே அதற்கிட்டு அழைத்து வெல்கிறான். கெட் செம்பழுப்பு நிறத்தவன். மாயக்கதை வீரரெல்லாம் வெள்ளையராகவே இருந்த காலத்தில் இதனை ஓசையின்றிச் செய்தார் ஆசிரியர். 1971, 1972 ஆண்டுகளில் அடுத்த இரு நூல்களும் வந்தன. மூன்றாம் நூல் அமெரிக்க தேசிய நூற்பரிசைப் பெற்றது. ஆனால் அவ்வுலகில் ரோக் தீவின் மந்திரப் பள்ளியில் பெண்ணுக்கு இடமில்லை. சிற்றூர்ப் பெண்களின் மந்திரம் இழிவாகவே பேசப்படுகிறது. பழைய வீரக்கதைகளின் மரபு அது; அவரும் அம்மரபிலேயே எழுதியிருந்தார்.

ஏறத்தாழ 18 ஆண்டுகளுக்குப் பின், 1990-இல் 'டெஹானு' வந்தது. கெட் தன் ஆற்றலை முற்றும் இழந்து வீடு திரும்புகிறான். இரண்டாம் நூலில் கோயிற் பூசாரிச் சிறுமியாக வந்த தெனார், இப்போது நடுவயது விதவை. தீயில் எரிக்கப்பட்டு உயிர் பிழைத்த பெண்குழந்தை ஒன்றை அவள் வளர்க்கிறாள். சமைப்பதும் ஆடு மேய்ப்பதும் கதவைத் தாழிட்டு அஞ்சி இருப்பதுமே கதையின் பெரும்பகுதி. முந்தைய நூல்களை இளமையில் நேசித்தவர் சிலர் இந்நாவலால் மனம் கசந்தனர். கதையைக் கொள்கைக்குப் பலியிட்டார் என்றனர். அக்குற்றச்சாட்டில் ஓரளவு உண்மை உண்டு. இந்நாவலின் தீய ஆடவர் சிலர் தீமையின் உருவங்களாகவே நிற்கின்றனர். ஆயினும் அக்குழந்தையின் எரிந்த முகத்தைக் கண்டு ஊரார் பார்வையைத் திருப்பிக்கொள்ளும் இடங்களைப் படித்தவர், பழைய மூன்று நூல்களிலும் யார் முகம் காட்டப்படாமல் இருந்தது என்று கேளாமல் இரார். 2001-இல் வந்த எர்த்சீக் கதைத் தொகுதியில் அவர் இன்னும் ஓரடி சென்றார். ரோக் பள்ளியைத் தொடக்கத்தில் நிறுவியவர்களில் பெண்களும் இருந்தனர். பின்வந்தோர் அவர்களை விலக்கினர் என்று ஒரு கதை கூறுகிறது. முதல் நூலில் ஒரு சொல்லையும் மாற்றாமல், அந்நூல் சொன்ன வரலாறு வென்றவர்கள் சொன்ன வரலாறு என்று ஆக்கிவிட்டார்.

'தி டிஸ்பொசெஸ்டு' (1974) பலரால் அவருடைய தலைசிறந்த நாவலாகக் கருதப்படுகிறது. அரசும் உடைமையும் இல்லாத அனாரெஸ், செல்வம் கொழிக்கும் உராஸ் என்னும் இரு கோள்களுக்கிடையே ஷெவெக் என்ற இயற்பியலறிஞர் அலைகிறார். பொதுவுடைமைச் சமூகத்திலும் பொறாமையும் அதிகாரமும் எவ்வாறு வேர் விடுகின்றன என்பதை மறைக்காமல் காட்டுவது இதன் நேர்மை. மொழி பயில்வோர்க்கு ஒரு செய்தி: அனாரெஸ் மக்களின் மொழி 'என்' 'உன்' என்னும் உடைமைச் சொற்களை இயன்றவரை தவிர்க்கும். கை வலித்தால் அதனை 'என் கை' என்று அவர்கள் சொல்வதில்லை. ஆங்கில வாசகருக்கு இது பெரும் புதுமை. 'எனக்குக் கை வலிக்கிறது' என்று நாள்தோறும் சொல்லும் நமக்கு அப்புதுமை பாதியே புதுமை.

எல்லா நூலும் இத்தரத்தன அல்ல. வியட்நாம் போரின் மீதெழுந்த சினத்தால் 1968-இல் எழுதி, 1972-இல் வெளியிட்ட 'உலகத்துக்குச் சொல் வனம்' என்னும் குறுநாவலில், காடழிக்க வரும் படைத்தலைவன் ஒரு துளி மனிதத்தன்மையும் இன்றிப் படைக்கப்பட்டிருக்கிறான். அறம் பேசும் வேகத்தில் எழுதியதை ஆசிரியரே பின்னொரு முன்னுரையில் ஒப்புக்கொண்டார். மற்றவற்றுக்குத் திரும்பியதுபோல் இதற்கு அவர் கதைவழி மறுமொழி எழுதியிருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

இறுதி நாவல் 'லவினியா' 2008-இல், அவருடைய 78-ஆம் வயதில் வந்தது. இலத்தீன் கவிஞர் வர்ஜிலின் 'ஈனிட்' காவியத்தில் லவினியாவின் திருமணத்துக்காகவே போர் மூள்கிறது. அவள் வாய்திறந்து ஒரு சொல்லும் பேசுவதில்லை. லெ குவினின் நாவலில் கதை முழுவதையும் அவளே சொல்கிறாள். சாகும் நிலையிலுள்ள கவிஞரின் ஆவி, காலத்தைக் கடந்து, காட்டிலுள்ள ஒரு புனிதத் தலத்தில் அவளைச் சந்திக்கிறது. தான் சரியாக அறியாமல் படைத்துவிட்ட பெண்ணைக் கவிஞர் அப்போதுதான் முதன்முதலாகக் காண்கிறார். அவளுக்கோ, தன்னைப் பற்றி அவர் எழுதியதைவிட எழுதாமல் விட்டதே நிறைய இருக்கிறது. இரவெல்லாம் இருவரும் பேசிக்கொண்டிருக்கின்றனர்.