ஆறாம் ஆண்டில் மூடும் பேரேடு

அமெரிக்க நாட்டில் 'சார்ட்டர் பள்ளி' என்றொரு வகைப் பள்ளி உண்டு. அரசாங்கப் பணத்தில் நடப்பது. மாணவரிடம் கட்டணம் வாங்காதது. ஆயினும் கல்வி அதிகாரியின் நேர் ஆளுகைக்கு உட்படாமல், ஓர் உடன்படிக்கையின் பேரில் தனிக் குழுவொன்றால் நடத்தப்படுவது. ஒப்புக்கொண்ட பயனைக் குறித்த காலத்துள் காட்டாவிடில் உடன்படிக்கை நீங்கும், பள்ளியும் மூடப்படும். மினசோட்டா மாநிலம் 1991இல் இதற்குச் சட்டம் இயற்றியது. மறு ஆண்டே செயின்ட் பால் நகரில் முதற்பள்ளி திறந்தது. அங்கிருந்து பரவிய இம்முறையில், ஒரே குழு பல ஊர்களில் பள்ளிகளைப் பெருக்கி, ஏழை வீட்டுப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகம் சேர்ப்பதையே குறியாகக் கொண்டு இயங்கும் பள்ளிக்கூட்டுகள் பல தோன்றின.

அண்மையில் மெர்கோங்கில் நண்பர் ஒருவர் இல்லத்தில் ஆசிரியர் சிலர் கூடியிருந்தோம். பேச்சு இப்பள்ளிகள்மீது திரும்பிற்று. "கெடாவில் மட்டும் 50க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உள்ளன ஐயா, இவற்றை ஒரே கூட்டாக இணைத்து நடத்தினால் ஒவ்வொன்றும் பல்கலைக்கழகத்துக்கு வாயிலாகிவிடாதா?" என்று இளைய ஆசிரியர் ஒருவர் கேட்டார். தேநீர் ஆறும்வரை நாங்கள் அனைவரும் தலையசைத்துக்கொண்டிருந்தோம். வீடு திரும்பியபின் எனக்கு ஐயம் பிறந்தது. அந்த ஐயத்தையே ஈண்டு எழுதுகிறேன். அவர் விழைவைக் குறைகூறுவது என் நோக்கமன்று. அவர் காட்டிய உவமை நமக்குப் பொருந்துமா என்பதே வினா.

முதலில் ஒன்று சொல்லவேண்டும். அரசாங்கப் பணம், குழுவின் பொறுப்பு என்னும் இவ்விரண்டும் சேர்ந்த பள்ளி நமக்குப் புதிதன்று. பகுதி உதவி பெறும் தமிழ்ப்பள்ளி என்று நாம் வழங்குவது ஏறத்தாழ அதுதானே? ஆசிரியர்க்கு ஊதியம் அரசாங்கத்தினது. நிலமோ தோட்ட நிருவாகத்தினது, அல்லது கோவிலினது, அல்லது வேறொரு பொது அமைப்பினது. மேலே பள்ளி மேலாளர் வாரியம் ஒன்று உண்டு. ஆனால் அமெரிக்கக் குழுவுக்கு உள்ள அதிகாரம் நம் வாரியத்துக்கு இல்லை. அங்கே தலைமையாசிரியரை நியமிப்பதும் நீக்குவதும் குழு. பள்ளி நேரத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் குழு. இங்கே அவையெல்லாம் கல்வி அமைச்சின் கையில். நம் வாரியத்தின் கையில் இருப்பது நிலப் பத்திரமும் நன்கொடைச் சீட்டுப் புத்தகமுமே. ஆகவே 'இணைப்போம்' என்று சொல்வது எளிது. இணைத்தபின் எதைக் கொண்டு நடத்துவது என்பதே கேள்வி.

இது சிறு தடைதான். சட்டம் திருந்தலாம்; அதிகாரம் வரலாம். பெருந்தடை வேறொன்று உண்டு. அதை அறிய, அமெரிக்கப் பள்ளிக்கூட்டுகளுள் பேர்பெற்ற 'கிப்' என்பதன் கதையைச் சற்று விரித்துப் பார்க்கவேண்டும். 'அறிவே ஆற்றல்' என்னும் பொருள்படும் பெயரின் சுருக்கம் அது. 1994இல் ஹூஸ்டன் நகரில் இரண்டு இளம் ஆசிரியர்கள், ஐந்தாம் வகுப்பு மாணவர் ஏறத்தாழ ஐம்பது பேரை வைத்துத் தொடங்கினார்கள். காலை ஏழரைக்குத் தொடங்கி மாலை ஐந்து மணிவரை வகுப்பு, சனிக்கிழமையும் வகுப்பு. வீட்டுப்பாடத்தில் ஐயம் எழுந்தால் இரவிலும் ஆசிரியரைத் தொலைபேசியில் அழைக்கலாம். வகுப்பறைகளுக்குப் பல்கலைக்கழகங்களின் பெயர்களைச் சூட்டினார்கள். பிள்ளை நாள்தோறும் அப்பெயரின்கீழ் நுழைந்து வெளிவரவேண்டும். அதுவே அவன் கனவாகவேண்டும் என்பது கருத்து. இன்று 200க்கு மேற்பட்ட பள்ளிகள் அக்கூட்டில் உள்ளன.

இவ்விடத்தில் ஒன்று நினைவுக்கு வருகிறது. அங்கே வகுப்பறைக்கு ஹார்வர்ட் என்று பெயர் வைத்தால், நம் பேடோங்கில் தோட்டத்துக்கே ஹார்வர்ட் என்று பெயர்! அத்தோட்டத்தின் பிரிவுப் பெயரோடு தமிழ்ப்பள்ளிகளும் உண்டு. கள்ளை எதிர்த்தும் கூலி உயர்வு கேட்டும் 1947இல் ஏ. எம். சாமியின் தொண்டர் படை எழுந்ததும் அத்தோட்டத்திலேதான். அப்பெயரை நம் பிள்ளைகள் மூன்று தலைமுறையாக முகவரியில் எழுதிவந்திருக்கிறார்கள். பெயரளவில் நாம் அமெரிக்கருக்கு முந்தியவர்கள்.

கதைக்குத் திரும்புவோம். 'கிப்' பள்ளிகள் முதலில் ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புவரை மட்டுமே நடந்தன. தேர்வு முடிவுகள் சிறந்தன, நாளிதழ்கள் புகழ்ந்தன. பிறகு 2011இல், அப்பள்ளியாரே ஓர் அறிக்கை வெளியிட்டனர். தம்மிடம் எட்டாம் வகுப்பு முடித்துப் பத்தாண்டும் அதற்கு மேலும் கடந்த முதல் மாணவர்களைத் தேடிக் கணக்கெடுத்தனர். அவர்களுள் நான்காண்டுப் பட்டம் பெற்றவர் 33 விழுக்காடு. அந்நாட்டு ஏழை மாணவரிடையே அப்போது இருந்த அளவு 8 விழுக்காடுதான் என்பதால், இது நான்கு மடங்கு வெற்றி. ஆனால் அவர்கள் தமக்கென வைத்துக்கொண்ட இலக்கு 75 விழுக்காடு. மூவருள் இருவர் பட்டம் எட்டவில்லை என்பதை மறையாமல் அச்சிட்டனர். இக்கணக்கிலும் ஒரு குறை உண்டு: எட்டாம் வகுப்பை முடித்தவரை மட்டுமே எண்ணினார்கள், ஆறிலும் ஏழிலும் விலகிப் போனவர் கணக்கில் சேரவில்லை. அக்குறையையும் சேர்த்தே நாம் அவ்வறிக்கையைப் படிக்கவேண்டும். ஆயினும் தம் தேர்வு வெற்றியைத் தாமே ஐயுற்று, பத்தாண்டு கழித்துப் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று கேட்ட பள்ளி எத்தனை உண்டு? எட்டாம் வகுப்போடு விட்டால் பயனில்லை என்று தெளிந்து, கீழே தொடக்கப்பள்ளியும் மேலே உயர்நிலைப்பள்ளியும் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளி விட்டுச் சென்றவனைக் கல்லூரிவரை பின்தொடர்ந்து துணைநிற்க ஆள் வைத்தார்கள். அக்கூட்டு பெருகியதன் உட்பொருள் இதுவே: புதிய ஊர்களுக்குப் பரவியது மட்டுமன்று, ஒரே பிள்ளையின் வாழ்நாளில் முன்னும் பின்னும் நீண்டது.

நம் பள்ளியோ ஆறாம் ஆண்டில் நின்றுவிடுகிறது. இங்கேதான் உவமை முறிகிறது.

இது எவ்வாறு நேர்ந்தது என்பது ஆசிரியர் அறிந்ததே. 1956ஆம் ஆண்டு ரசாக் அறிக்கையும் 1960ஆம் ஆண்டு ரகுமான் தாலிப் அறிக்கையும் அவற்றின்பின் வந்த 1961ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமும் தமிழைத் தொடக்கப்பள்ளி அளவில் நிறுத்தின. இடைநிலைப்பள்ளிக்கு அரசாங்க உதவி வேண்டுமாயின் அதிகார மொழிகளிலேயே நடத்தவேண்டும் என்றாயிற்று. சீனர் சிலர் உதவியே வேண்டாமென்று தம் உயர்நிலைப்பள்ளிகளைத் தனியே நடத்தினர். அவ்வகைப் பள்ளிகள் நாட்டில் 60 உண்டு. மெர்கோங்கிலிருந்து அலோர் ஸ்டார் சென்றால் கியாட் ஹுவாவைக் காணலாம். சுங்கைப் பட்டாணியில் சின் மின்னைக் காணலாம். வணிகர் பணம் அவற்றைத் தாங்கிற்று. பால்மரம் சீவியவனிடம் அவ்வளவு பணம் ஏது? எனவே தோட்டப்பள்ளி முடித்த நம் பிள்ளை மலாய் வழிப் பள்ளிக்குச் சென்றான். மலாய்மொழியில் தேறாதவன் புகுமுக வகுப்பில் ஓராண்டு கூடுதலாக அமர்ந்தான். தமிழ் அங்கே பாடமாக வேண்டுமானால் பதினைந்து பெற்றோர் கேட்கவேண்டும் என்பது விதி.

ஆயினும் நம்மவர் கைகட்டி இருந்தார்கள் என்று சொல்வது தவறு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1956இல் இந்திய இயல் துறை தோன்றியபோது, அதில் தமிழுக்கே முதலிடம் வேண்டுமென்று கோ. சாரங்கபாணி தமிழ் முரசின் வாயிலாகப் போராடி, 'தமிழ் எங்கள் உயிர்' நிதியைத் திரட்டினார். தோட்டத் தொழிலாளரின் வெள்ளியும் அதில் சேர்ந்தது. தம் பிள்ளை எட்ட முடியாத மாடிக்குப் படிக்கட்டு இல்லாதபோதே, மாடியில் தமிழுக்கு ஓர் அறை கட்டித் தந்தவர்கள் அவர்கள். பின்னர் 2001இல் மலேசிய இந்தியர் காங்கிரசின் கல்வி அமைப்பு ஏய்ம்ஸ்ட் கல்விக்கூடத்தை நம் கெடாவிலேயே தொடங்கிற்று. அது பல்கலைக்கழகமாக வளர்ந்து, செமிலிங்கில் ஹார்வர்ட் தோட்டத்துக்கு அதிகத் தொலைவில்லாத இடத்தில் நிற்கிறது. அடியும் நம்முடையது, முடியும் நம்முடையது. நடுவே பதின்மூன்று வயது முதல் பதினெட்டு வயதுவரை உள்ள காலத்தில் பிள்ளை யாருடையவன்?

அந்த நடுவைக் கண்டு செயலில் இறங்கியவருள் முதன்மையானவர் மா. தம்பிராஜா. மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளராக இருந்த அவர், 1982இல் ஸ்ரீ முருகன் நிலையத்தைத் தோற்றுவித்தார். பல்கலைக்கழக மாணவரும் பட்டதாரிகளும் வார இறுதியில் இடைநிலைப்பள்ளி மாணவர்க்குப் பாடம் சொல்லித்தரும் அமைப்பு அது; ஊர்தோறும் கிளைவிட்டது. அதன் கல்வி யாத்திரையில் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து நடப்பதைப் பலர் கண்டிருப்பீர்கள். மெர்கோங்கில் நண்பர் கேட்ட 'கூட்டு' நம் நாட்டில் இருக்கிறதென்றால், அதற்கு மிக அணித்தானது இதுவே. பெற்றோரை உள்ளே இழுத்ததும், நேற்றுப் படித்தவனை இன்று ஆசிரியனாக்கியதும் அதன் தனிச்சிறப்பு. ஆனால் எந்த வகுப்பு நிலையமாயினும் வருபவனுக்கே பாடம் சொல்லமுடியும். வராதவன் யார் என்பது தமிழ்ப்பள்ளிக்கு மட்டுமே தெரியும். ஏனெனில் அவன் பெயர் முதலாம் ஆண்டிலேயே அதன் பேரேட்டில் ஏறியது. அப்பேரேட்டை நாமோ ஆறாம் ஆண்டில் மூடிவிடுகிறோம்.

என் கதையையே சொல்கிறேன். 2011இல் தோட்டப்பள்ளி ஒன்றில் ஆறாம் ஆண்டு வகுப்பை நடத்தினேன். மாணவர் 27 பேர். யு.பி.எஸ்.ஆர். தேர்வில் இருவர் 7 ஏ பெற்றனர். பள்ளி வாயிலில் அவர்கள் படத்தோடு பதாகை கட்டினோம்; நானே ஏணிமீது ஏறிக் கட்டினேன். எட்டாண்டு கழித்து, 2019இல் ஓர் இரவு, அந்த 27 பேரும் எங்கே என்று தாளில் எழுதிப் பார்த்தேன். பதினொருவரைப் பற்றித்தான் எனக்குத் தெரிந்திருந்தது. ஐவர் பல்கலைக்கழகத்தில், மூவர் தொழில்நுட்பக் கல்லூரியில், மூவர் தொழிற்சாலையில். 7 ஏ பெற்ற இருவருள் ஒருத்தி பல்கலைக்கழகத்தில் இருந்தாள். மற்றவன், தந்தை நோயில் விழுந்ததும் நான்காம் படிவத்தில் படிப்பை நிறுத்திக் குலிம் தொழிற்பேட்டைக்குப் போய்விட்டான். அவன் பள்ளியை விட்ட நாளில் நான் பத்துக் கல் தொலைவில்தான் இருந்தேன். எவரும் எனக்குச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. மீதி 16 பேர் எங்கே என்றே தெரியவில்லை.

இதனால்தான், 'பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் பள்ளி' என்ற பெயரை நம் பள்ளிகள்மேல் எழுதும் முன், எதை எண்ணப்போகிறோம் என்று முடிவுசெய்யவேண்டும் என்கிறேன். பல்கலைக்கழக வாயிலில் நின்று, உள்ளே நுழையும் நம் பிள்ளைகளை எண்ணினால் மகிழ்ச்சி வரும். முதலாம் ஆண்டு வகுப்பறையில் நின்று, அன்று அமர்ந்திருந்தவருள் எத்தனை பேர் அவ்வாயிலை அடைந்தனர் என்று எண்ணினால் உண்மை வரும். எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ பெற்றவர் அனைவர்க்கும் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று 2024இல் அரசாங்கம் அறிவித்தது நல்லதே. ஆனால் அது உச்சியில் நிற்பவனுக்குத் திறந்த கதவு. நான்காம் படிவத்தில் நின்றவன் அக்கதவு இருக்கும் தெருவுக்கே வருவதில்லை.

யு.பி.எஸ்.ஆர். தேர்வு 1988இல் தொடங்கி 2021இல் நீக்கப்பட்டது. அதோடு பதாகைகளும் போயின. ஒரு தமிழ்ப்பள்ளி நன்கு நடக்கிறதா என்பதை எதைக்கொண்டு அறிவது என்று வாரியத்தாரும் பெற்றோரும் இப்போது கேட்கிறார்கள். புதுப் பதாகைக்கு அனைத்துலகப் போட்டிகளின் பதக்கங்கள் வந்துவிட்டன; அவற்றை இகழேன். ஆனால் பதினெட்டு வயதுவரை தொடரும் ஒரு பேரேடு, பதக்கங்கள் சொல்லாததைச் சொல்லும். இவ்வேலையை ஆசிரியர் தலையில் கட்டக்கூடாது. அவர்கள் ஏற்கெனவே நிரப்பும் படிவங்களுக்கு எல்லையில்லை. மேலாளர் வாரியமும் முன்னாள் மாணவரும் எடுத்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு இருமுறை தொலைபேசியில் ஒரு கேள்வி. மூன்றாம் படிவத்திலும் ஐந்தாம் படிவத்திலும் வீட்டுக்கு ஒரு நடை. படிப்பு நிற்கும் நிலை தெரிந்தால், அருகிலுள்ள இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியருக்கோ வகுப்பு நிலையத்துக்கோ உடனே ஒரு சொல். 150க்குக் குறைந்த மாணவரே உள்ள சிறு பள்ளிகளுக்கு இது இன்னும் எளிது. மாணவர் குறைவு என்பதைக் குறையாகவே பேசிவந்த நமக்கு, அது கைகொடுக்கும் இடம் இஃதொன்றாவது இருக்கட்டும். சட்டம் மாறவேண்டியதில்லை, அமைச்சின் அனுமதி வேண்டியதில்லை. நண்பர் கேட்ட கூட்டுக்கு இதைவிட மலிவான தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. இதைச் செய்யாமல் கட்டப்படும் கூட்டு, 50 பள்ளிகள் சேர்ந்து ஒரே நேரத்தில் பேரேட்டை மூடும் ஏற்பாடாகவே முடியும்.

அந்த 27 பெயர்கள் உள்ள தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த வகுப்பு மாணவி ஒருத்தியின் துணையால் இதுவரை 19 பெயர்களுக்கு எதிரே எழுதிவிட்டேன். எட்டுப் பெயர்கள் மிச்சம்.